நாள்காட்டியில் இல்லாத பெயர்

என் பெயர் ஸ்வெத்லானா. 1984 ஜூலை 25 அன்று ஸ்வெத்லானா சவீத்ஸ்கயா சல்யூத்-7 நிலையத்தை விட்டு வெளியே வந்து, மூன்றரை மணி நேரம் விண்வெளியில் உலோகத்தை வெட்டினார், பற்றவைத்தார். அந்த வேலையைச் செய்த முதல் பெண். அதே நிலையத்தில்தான் அந்த ஏப்ரலில் நம் ராகேஷ் சர்மா தங்கியிருந்தார். சவீத்ஸ்கயா வெளியே வந்ததற்கு அடுத்த மாதம் நான் பிறந்தேன். கம்யூனிஸ்ட் கட்சிக்காரரான அப்பா வேறு பெயரை யோசிக்கவே இல்லை.

இப்போது என் தம்பிக்கு மகள் பிறந்திருக்கிறாள். அத்தை பெயரையே வைக்க அவனுக்கு ஆசை. "நமக்கு ஒட்டாத பெயர், கூட்டு எண்ணும் சரியில்லை" என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

ரஷ்யாவிலேயே ஒட்டாத பெயராக இருந்ததுதான் அது. விளாதிமிர் போலப் பழைய பெயரல்ல. ஒளி என்று பொருள்படும் 'ஸ்வேத்' என்ற சொல்லிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவிஞர்கள் உண்டாக்கியது. 1813இல் வெளிவந்த ஷுகோவ்ஸ்கியின் கதைப்பாடலால் ஊரெல்லாம் தெரிந்தது. ஆனாலும் குழந்தைக்கு வைக்க வழியில்லை. அந்தப் பெயரில் புனிதர் யாரும் இல்லாததால் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் நாள்காட்டியில் அதற்கு இடமில்லை. வீட்டில் ஸ்வெத்லானா, ஞானஸ்நானத்தில் ஃபோட்டினியா என்று இரண்டு பெயரோடு வாழ்ந்த பெண்கள் உண்டு. 1917 புரட்சிக்குப் பிறகு பிறப்புப் பதிவு அரசின் கைக்கு வந்தது. பெற்றோர் தாங்கள் விரும்பிய பெயரைப் பதிந்தார்கள். 1926இல் பிறந்த ஸ்டாலின் மகளும் ஸ்வெத்லானாதான்.

அவரை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. அப்பாவின் பெயரை விட்டுத் தாய்வழியில் அலிலுயேவா ஆனார். தன் இந்தியத் துணைவர் பிரஜேஷ் சிங்கின் அஸ்தியோடு இந்தியா வந்தவர், 1967 மார்ச்சில் டெல்லியில் அமெரிக்கத் தூதரகத்தின் படியேறினார். பிறகு லானா பீட்டர்ஸ். எல்லாவற்றையும் உதறிய பிறகும் அந்த 'லானா' அவரோடு இருந்தது. செர்னோபில் மக்களின் குரல்களைத் தொகுத்த, 2015இல் நோபல் பெற்ற அலெக்சியேவிச்சும் இதே பெயர்க்காரர்.

பள்ளியில் வாயில் நுழையாமல் என்னை 'ஸ்வேதா' ஆக்கினார்கள். ரஷ்ய வீடுகளில் ஸ்வெத்லானாவைச் செல்லமாக 'ஸ்வேத்தா' என்றுதான் கூப்பிடுவார்கள். வெண்மையைச் சொல்லும் வடமொழி 'ஸ்வேத'வும் ஒளியைச் சொல்லும் அந்த 'ஸ்வேத்'தும் ஒரே வேரில் கிளைத்தவை. எங்கள் தெருவில் மூன்று ஸ்வேதாக்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெயர் ஒட்டவில்லை என்று ஒருவரும் சொன்னதில்லை. பாப்பாவுக்கு என் பெயரே இருக்கட்டும்.