பன்னிரண்டாம் நரம்பும் பன்னிரண்டு மாதமும்

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025 ஆகஸ்டில், தூக்கத்தில் மூச்சுவழி அடைபடாதிருக்க நாக்கின் நரம்பைத் தூண்டும் ஜெனியோ கருவிக்கு ஒப்புதல் தந்துவிட்டது. 2014 ஏப்ரலில் ஒப்புதல் பெற்ற இன்ஸ்பயர் அதுவரை அந்தச் சந்தையில் தனிக்காட்டு ராஜா. சிபாப் முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு, “வேறு வழி இல்லையா டாக்டர்?” என்று கேட்கும் ஸ்லீப் ஆப்னியா நோயாளியைத் தினமும் பார்ப்பவர்களுக்கு இது நல்ல செய்திதான்.

ஆய்வு முடிவுகளிலும் பெரிய குறை இல்லை. இன்ஸ்பயருக்கான ஸ்டார் ஆய்வில் 126 பேருக்கு ஏஹெச்ஐ (மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபடுகிறது அல்லது குறைகிறது என்ற கணக்கு) இடைநிலை அளவு ஓராண்டில் 29.3-இலிருந்து 9.0-க்கு இறங்கியது. ஜெனியோவின் ட்ரீம் ஆய்வில் 115 பேரில் 63.5 சதவீதத்தினர் பலன் பெற்றனர். முன்னது நெஞ்சில் பேட்டரியை வைத்து பன்னிரண்டாம் நரம்பான ஹைப்போகுளோசலை ஒரு பக்கம் மட்டும் தூண்டுகிறது. பின்னது மோவாய்க்கு அடியில் ஒரே கீறல் வழியே உள்ளே போய் இரு பக்கக் கிளைகளையும் தூண்டுகிறது. உள்ளே பேட்டரி கிடையாது. இரவில் மோவாய்க்கு அடியில் ஒட்டிக்கொள்ளும் சில்லு மின்சாரம் தருகிறது. எது மேல் என்ற விவாதத்தை ஆய்வரங்குகள் பார்த்துக்கொள்ளட்டும். இவ்விதழுக்குக் கவலை வேறு.

இரண்டு கருவிகளுமே நம்பியிருப்பது ஒரே ஒரு பாகுபாட்டை. ஜீனியோகுளோசஸுக்குப் போகும் உட்கிளைகள் நாக்கை முன்னே தள்ளும். ஸ்டைலோகுளோசஸ், ஹையோகுளோசஸுக்குப் போகும் வெளிக்கிளைகள் பின்னே இழுக்கும். நரம்பைச் சுற்றும் இன்ஸ்பயரின் பட்டைக்குள் உட்கிளைகள் மட்டும், முடிந்தால் ஜீனியோஹையாய்டுக்குப் போகும் சி1 இழையோடு, அகப்பட வேண்டும். தாமதமாகப் பிரியும் மெல்லிய வெளிக்கிளை ஒன்று தெரியாமல் உள்ளே மாட்டிக்கொண்டால், திறக்க வேண்டிய மூச்சுவழியை அதே மின்சாரம் அடைக்கப் பார்க்கும். அதனால்தான் அறுவை அரங்கில் இரண்டு தசைக் குழுவிலும் மின்முனைகளைச் செருகித் திரையைப் பார்த்துக்கொண்டே இழை இழையாகப் பிரிக்கிறார்கள். வலப்பக்கம் சரியாகப் பட்டால் நாக்கு இடப்பக்கம் சாய்ந்து நீளும். உள்ளே சுருண்டால் மறுபடி பிரிக்க வேண்டியதுதான்.

இந்தக் கிளைகளை நம் மாணவர்கள் எங்கே பார்க்கிறார்கள்?

ஃபார்மலினில் ஊறிய உடலின் தாடை இறுகிக் கிடக்கும், வாய் திறக்காது. எனவே தலையை நடுவே இரண்டாக அறுத்துக் காட்டுவது வழக்கம். அந்த வெட்டில் ஜீனியோகுளோசஸ் விசிறியாக விரிந்து அழகாகத் தெரியும். நரம்போ மறுபுறத்தில், ஹையோகுளோசஸின் வெளிப்பரப்பில் இருக்கிறது. அதைக் காண மைலோஹையாய்டைப் புரட்ட வேண்டும், சப்மாண்டிபுலர் சுரப்பியை ஒதுக்க வேண்டும், பொறுமையாக ஒரு மதியத்தைச் செலவிட வேண்டும். அந்த மதியம் பாடத்திட்டத்தில் இல்லை. நாக்குத் தசைகளில் இந்த நரம்பு போகாத பாலட்டோகுளோசஸ் மட்டும் விதிவிலக்கு என்பதை எந்த மாணவரும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார், ஏனெனில் அது நுழைவுத்தேர்வுக் கேள்வி. வெளிக்கிளை கேள்வியாக வருவதில்லை.

1997-இல் அன்றைய இந்திய மருத்துவக் கவுன்சில் எம்பிபிஎஸ் முதல் கட்டப் படிப்பைப் பதினெட்டு மாதத்திலிருந்து பன்னிரண்டாகக் குறைத்தது. பின்னர் வந்த எந்தத் திருத்தமும் அந்த ஆறு மாதத்தைத் திருப்பித் தரவில்லை. கவுன்சில் போய் 2020-இல் தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. பெயர்ப்பலகை மாறியதோடு சரி. திறன்சார் பாடத்திட்டத்தில் நாக்கு என்ற தலைப்புக்கு இரண்டே திறன்கள்: அமைப்பைச் சொல்வது ஒன்று, ஹைப்போகுளோசல் வாதத்தை விளக்குவது மற்றது. வாதம் வந்தால் நாக்கு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லிவிட்டால் போதும், மதிப்பெண் விழுந்துவிடும். அறிமுக வகுப்புகளுக்கும் பதிவேடுகளில் கையெழுத்து வாங்குவதற்கும் தாராளமாக நேரம் கண்டுபிடிக்கும் மேலிடத்துக்கு, கழுத்தின் ஒரு முக்கோணத்தை நிதானமாக அறுத்துப் பார்க்க மட்டும் நேரம் கிடைக்கவில்லை. உடற்கூறியல் ஆசிரியர்கள் ஆண்டாண்டாக எழுதும் மனுக்கள் எந்த அலமாரியில் உறங்குகின்றனவோ!

விளைவு விசித்திரமானது. நரம்பின் கிளையைக் கற்றுத்தரும் வேலை கருவி விற்பவரின் கைக்குப் போய்விட்டது. பயிற்சி முகாமை நிறுவனமே நடத்துகிறது, எந்தக் கிளையை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதையும் அதுவே சொல்கிறது. அங்கே தவறாகச் சொல்கிறார்கள் என்பதல்ல குறை. தன் பொருளுக்குத் தேவையான நான்கு சென்டிமீட்டரைத்தான் ஒரு நிறுவனம் கற்றுத்தரும்.

இக்கருவிகள் இங்கே பரவலாக நாளாகலாம். அதற்குள் செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. காது மூக்கு தொண்டை, முகத்தாடை அறுவை முதுகலை மாணவர்களின் பதிவேட்டில் ஹைப்போகுளோசல் நரம்பைக் கிளை வரை தாமே பிரித்தெடுத்ததற்கு உடற்கூறியல் துறையின் சான்று கட்டாயமாக வேண்டும். நாக்குத் தலைப்பில் ஆணையம் மூன்றாவது திறனைச் சேர்க்க வேண்டும். கருவி பொருத்த விண்ணப்பிக்கும் மருத்துவமனை, நிறுவனத்தின் சான்றிதழை மட்டும் நீட்டினால் அந்த விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும்.