பெல்ட் அறுந்தால் யாரைக் கூப்பிடுவீங்க?

ஒரு விஷயத்தை ஒத்துக்கிறேன் நண்பர்களே. தியரி ஆஃப் மெஷின்ஸ்ல பெல்ட் டிரைவ் கணக்கை ஒரு ஸ்டெப் விடாம போட்டவன் நான். ஆனா ஒருநாள் ராத்திரி அப்பாவோட ஸ்கூட்டர் நடுரோட்டுல நின்னுச்சு. இன்ஜின் ஓடுது, வண்டி நகரல. ஏன்னு எனக்குத் தெரியல. மறுநாள் மெக்கானிக் அண்ணா கவரைக் கழட்டி, கந்தலாகிப்போன பெல்ட்டைக் கையில் கொடுத்தார். "என்ன தம்பி, இதை ஒருதடவைகூட திறந்து பார்த்ததில்லையா?" பதில் சொல்ல வாய் வரல.

அப்புறம் சிவிடி பற்றித் தேடினப்போதான் ஸ்னோமொபைல் கண்ணில் பட்டது. பனியில் ஓடுற வண்டி. முன்னாடி ஸ்கீ, பின்னாடி ரப்பர் டிராக். நடுவில் நம்ம கியர் இல்லாத ஸ்கூட்டரில் இருக்கும் அதே ஏற்பாடுதான்: இரண்டு கிளட்ச், நடுவில் ஒரு பெல்ட். ஒரே வித்தியாசம், அங்கே மைனஸ் இருபது டிகிரியில் காட்டுக்குள் பெல்ட் அறுந்தால் மெக்கானிக் அண்ணா வரமாட்டார். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் ஸ்பேர் பெல்ட் இல்லாமல் கிளம்புவதில்லை.

அவங்க செய்றது ராக்கெட் சயின்ஸ் இல்லை. இன்ஜினை அணைச்சு, ஆறவிட்டு, கார்டைத் திறந்து பெல்ட்டைப் பார்க்கிறாங்க. பல் உடைஞ்சிருக்கா, ஓரத்தில் நூல் பிரியுதா, பக்கவாட்டு கண்ணாடி மாதிரி பளபளக்குதா? அகலம் மேனுவலில் சொன்ன அளவுக்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றுகிறார்கள். புது பெல்ட் போட்டால் முதல் சில பத்து கிலோமீட்டருக்கு முழு திராட்டில் கொடுப்பதில்லை.

டிராக்குக்கும் இதே கவனம்தான். வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, டிராக் எவ்வளவு தொங்குதுன்னு மேனுவல்படி அளக்கிறாங்க. தளர்ந்திருந்தால் ஸ்ப்ராக்கெட் பல்லில் வழுக்கும். ரொம்ப இறுக்கினால் பவர் வீணாகும், பேரிங் தேயும். இரண்டு பக்க ரெயிலுக்கும் நடுவில் நேராக ஓடுதான்னும் பார்க்கணும். சுத்துற டிராக்குக்குப் பின்னாடி மட்டும் யாரும் நிற்கக்கூடாது.

இதில் எனக்குப் பிடிச்சது இந்த வண்டிக்குப் பின்னால் இருக்கும் மனிதர். கனடாவின் கியூபெக்கில் வால்கூர் என்ற சின்ன ஊரில் கராஜ் நடத்திய மெக்கானிக், ஜோசப் அர்மான் பொம்பார்டியே. 1934 குளிர்காலத்தில், பனியால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாமல் இரண்டு வயது மகனைப் பறிகொடுத்தார். 1937-ல் தன் ஸ்ப்ராக்கெட், டிராக் அமைப்புக்குப் பேட்டன்ட் வாங்கினார். 1959-ல் ஸ்கி-டூ வந்தது. கையில் கிரீஸ் படிந்த மனிதர்தான் அதைச் செய்தார்.

நம்ம கிளாஸ்ல மெயின்டனன்ஸ்னா ஒரு இளக்காரம் இருக்கு. டிசைன்தான் இன்ஜினியரிங், ரிப்பேர் மெக்கானிக் வேலையாம். "காசு கொடுத்தா அவர் பார்த்துப்பார், நமக்கெதுக்கு?"ன்னு கேட்பீங்க. ரிப்பேரை அவர் பார்க்கட்டும், அது அவர் தொழில். ஆனா ஒரு பொருள் எப்படித் தேயுதுன்னு கண்ணால் பார்க்காதவன், தேயாத பொருளை எப்படி டிசைன் பண்ணுவான்? லேபில் ஒரு பழைய ஸ்கூட்டரை வெச்சு, எல்லாரையும் ஒருதடவை பெல்ட் மாத்தச் சொன்னா போதும். அந்த ஒரு மணி நேரம் எனக்கு நாலு யூனிட் நோட்ஸைவிடப் பெரிசு.

அதுவரைக்கும், அடுத்த சர்வீஸ் அன்னிக்கு வண்டியை விட்டுட்டு டீ குடிக்கப் போகாதீங்க. பக்கத்துல நின்னு, பழைய பெல்ட்டைக் கையில் வாங்கிப் பாருங்க.