போட்டியின் பெயரால் மூடப்படும் கணக்கு

போட்டி மிகுந்த சந்தையில் தன் கணக்கு முழுவதையும் விரும்பி வெளியிடும் நிறுவனம் அரிது. எந்தப் பொருளில் லாபம் மிகுதி என்று தெரிந்தால், புதிய போட்டியாளர்கள் நுழைவார்கள், வாங்குவோர் விலையைக் குறைக்கச் சொல்லி நெருக்குவார்கள் என்ற அச்சமே இதற்குக் காரணம். இவ்வாறு தகவலை வெளியிடுவதால் நேரும் இழப்பையும் ஒரு செலவாகக் கொண்டு ராபர்ட் வெரெக்கியா 1983இல் எழுதிய ஆய்வு, கணக்கியலில் இன்றும் அடிப்படையாக விளங்குகிறது. ஆயினும், முதலீட்டாளரின் பணத்தைப் பெறுவதற்கும் போட்டி உண்டு. அங்கே கணக்கைத் திறந்து காட்டாமல் நம்பிக்கையைப் பெற முடியாது.

காஞ்சிபுரம் மாவட்டத்தின் இருங்காட்டுக்கோட்டையில் ஆலை நடத்தும் ஹூண்டாய் மோட்டார் இந்தியா இதற்குச் சான்று. 2024 அக்டோபரில் அதன் கொரியத் தாய் நிறுவனம் தன் பங்குகளில் ஒரு பகுதியை ஏறத்தாழ 27,870 கோடி ரூபாய்க்கு விற்க முன்வந்தபோது, தொழில்நுட்பத்துக்கும் வணிகப் பெயருக்கும் ஈடாகத் தாய் நிறுவனத்துக்குச் செல்லும் ராயல்டி, சாதாரண முதலீட்டாளரும் படித்துப் பார்க்கும்படி பங்கு விற்பனை ஆவணத்தில் அபாயக் காரணிகளின் வரிசையில் இடம்பெற்றது. பங்கு வாங்குவோரின் பணம் தேவைப்படாத நிறுவனத்துக்கு இந்த நெருக்கடி இல்லை. அந்த இடத்தில்தான் சட்டம் உறுதியாக நிற்க வேண்டும். இந்தியாவிலோ அது பின்வாங்கியிருக்கிறது.

1956ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் ஆறாம் அட்டவணை, உற்பத்தித் திறன், உற்பத்தியான அளவு, பயன்படுத்திய மூலப்பொருளின் அளவு, அதன் மதிப்பு ஆகியவற்றைத் தனித்தனியே காட்டச் சொன்னது. 2011இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இந்த அளவு விவரங்களைக் கைவிட்டது. முன்பு ஒரு பால் நிறுவனத்தின் ஆண்டறிக்கையைக் கையில் எடுத்தவர், கொள்முதல் மதிப்பை லிட்டர் கணக்கால் வகுத்து, உற்பத்தியாளருக்குச் சராசரியாக என்ன விலை கிடைத்தது என்று அறிய முடிந்தது. இன்று மதிப்பு மட்டுமே மிஞ்சியிருப்பதால், மானாம்பதி போன்ற சிற்றூரில் பால் ஊற்றும் உழவருக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது.

தயாரிப்புச் சூத்திரம், கையெழுத்தாகாத ஒப்பந்தம் போன்றவற்றுக்குப் பாதுகாப்பு தேவைதான். ஆனால் கடந்த ஆண்டின் உற்பத்தி அளவு அத்தகைய இரகசியம் அன்று. கடும் போட்டியில் உள்ள வாகன நிறுவனங்கள் மாதந்தோறும் தம் விற்பனை எண்ணிக்கையைத் தாமே அறிவிக்கின்றன, அதனால் எந்த நிறுவனமும் நொடித்துப்போகவில்லை. போட்டியாளர்கள் விற்பனையாளர் வழியாக இவற்றை எளிதில் அறிந்துகொள்கிறார்கள். அறியாமல் நிற்பவர்கள் சிறு முதலீட்டாளரும் பொருள் வழங்குவோரும் தொழிலாளரும்தான்.

பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர்ச்சபையின் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவருடைய நெருங்கிய உறவினரையும் குடவோலைத் தேர்தலுக்குத் தகுதியற்றவர் என்று விலக்கியது. அந்த மண்ணிலிருந்து எழும் கோரிக்கை எளியது: மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் அளவு விவரங்களை மீண்டும் கட்டாயமாக்க வேண்டும், போட்டியைக் காட்டி விலக்குக் கேட்கும் நிறுவனம், எதை மறைக்கிறது, ஏன் மறைக்கிறது, எப்போது வெளியிடும் என்பதை ஆண்டறிக்கையிலேயே எழுத வேண்டும்.