கும்பிடவா, கோலோச்சவா?

தம்பி! 2011-ஆம் ஆண்டு வெளிவந்த 'ஸ்கைரிம்' எனும் கணினி விளையாட்டிலே ஒரு கிளர்ச்சி. போரிலே நொந்த பேரரசு, தால்மோர் எனும் ஆதிக்கக் கூட்டத்தோடு உடன்படிக்கை செய்தது. விலை? மனிதனாய்ப் பிறந்து தெய்வமான தாலோசை வணங்கத் தடை! வெகுண்டனர் நார்டு இனத்தார். வழிபாட்டுரிமை கேட்டு வாளேந்தினான் உல்ஃப்ரிக்.

கோரிக்கை நியாயமானது. கும்பிட்டவனை இழுத்துச் செல்ல இடங்கொடுத்த ஆட்சியை எதிர்ப்பது குற்றமா? அல்ல! ஆனால், கோரியவன் யார்? மன்னன் டோரிக்கைத் தனிச்சமரில் கொன்று, அரியணையை நாடியவன். அவன் ஆளும் விண்ட்ஹெல்மிலே, அகதிகளாய் வந்த டன்மர் இனத்தாருக்குச் சேரி. ஆர்கோனியருக்கோ மதிலுக்குள் இடமே இல்லை! கோயிற் கதவைத் திறக்கச் சொன்னவன், ஊர்க்கதவை அடைத்து வைத்தான்!

தடை விதித்த தால்மோரின் எண்ணம் என்ன? அவர்தம் இரகசியக் குறிப்பேடே பேசுகிறது: எவரும் வெல்லாமல் போர் நீள்வதே ஆதாயம்!

எளியவன் எண்ணியது பக்தி. தலைவன் எண்ணியது பட்டம். பகைவன் எண்ணியது இலாபம். ஒரே போரில் மூன்று நோக்கம்!

உரிமைக்கு எழு, தம்பி! எழச்சொல்பவன் தன் வாயிலுக்கு வெளியே எவரை நிறுத்தியிருக்கிறான் என்பதையும் பார்!