சப்வூஃபர் சரியில்லையா? கார்டைத் தேய்க்கும் முன் இடத்தை மாத்திப் பாருங்க!

போன வருஷம் போனஸ் வந்ததும் நான் செஞ்ச முதல் வேலை, வீட்ல இருந்த ஸ்டீரியோ ஸ்பீக்கரோட 18,000 ரூபாய்க்கு ஒரு சப்வூஃபர் சேர்த்தது. ஒரே வாரத்துல ஏமாற்றம். பேஸ் கிட்டார் ஒரு ஸ்வரத்துல வீடே அதிர வைக்குது, அடுத்த ஸ்வரம் காணாமப் போகுது. கீழ் வீட்டு ஹவுஸ் ஓனர் அம்மா ரெண்டு தடவை படியேறி வந்துட்டாங்க.

நான் எடுத்த முடிவு? "சப் சின்னது. 32,000க்கு பெரிசா வாங்கிடலாம், நோ காஸ்ட் ஈஎம்ஐ இருக்கே!"

நல்லவேளை, வாங்கல. தப்பு பொருள்ல இல்ல, வச்ச இடத்துல.

12 அடி நீள ரூம்ல சுமார் 47 ஹெர்ட்ஸ் சத்தம் ரெண்டு சுவருக்கும் நடுவுல எதிரொலிச்சு எதிரொலிச்சு பெருகும். சப்பை மூலைல தள்ளி வச்சா இது இன்னும் மோசமாகும். 32,000 ரூபாய் சப் வந்தாலும் ரூம் அதேதான்!

ஒரு ஞாயித்துக்கிழமை, செலவில்லாம இதைச் செய்யுங்க:

1. சப்பைத் தூக்கி நீங்க உட்கார்ற இடத்துல வைங்க. பேஸ் நிறைய இருக்கிற பாட்டைப் போட்டு, சுவர் ஓரமா தவழ்ந்து போய்க் கேளுங்க. வீட்ல சிரிப்பாங்க, பரவாயில்ல. எல்லா ஸ்வரமும் சமமா கேட்கிற இடம்தான் சப்புக்கான இடம்.

2. கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸ்ல ஆரம்பிங்க. ரொம்ப ஏத்தினா சத்தம் எங்கிருந்து வருதுன்னு காது கண்டுபிடிச்சிடும்.

3. ஃபேஸ் சுவிட்சை 0, 180 ரெண்டுலயும் வச்சுப் பாருங்க. உட்கார்ற இடத்துல எதுல பேஸ் நிறைவா கேட்குதோ, அதுலயே விடுங்க.

4. வால்யூமைக் கடைசியா தொடுங்க. சப் இருக்கிறதே தெரியக் கூடாது. நிறுத்தினா மட்டும் ஏதோ குறையணும். அதுதான் சரியான அளவு.

என் வீட்ல சப் மூலைய விட்டு நாலு அடி நகர்ந்துச்சு. அவ்ளோதான். ஹவுஸ் ஓனர் அம்மா அப்புறம் மேல வரல.

இப்போ கணக்குக்கு வருவோம். நோ காஸ்ட் ஈஎம்ஐல வட்டி இல்லாம இல்ல. வட்டி அளவுக்குத் தள்ளுபடி தர்றாங்க, ஆனா அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி நம்ம தலைலதான். 32,000க்கு, 15% வட்டி, 12 மாசம்னா இது மட்டும் 440 ரூபாய் பக்கம். பல பேங்க்ல பிராசஸிங் ஃபீஸ் தனி. அதையும் விட முக்கியம், ஒரு வருஷத்துக்கு மாசம் 2,667 ரூபாய் நம்ம சம்பளத்துல பூட்டிக்கும். அது ஒரு நல்ல எஸ்ஐபி!

வாங்கவே கூடாதுன்னு சொல்லல. பெரிய ஹால், சின்ன சப், நாலு ஸ்டெப்பும் செஞ்சாச்சு, இன்னும் பத்தலன்னா தாராளமா வாங்குங்க, காசு சேர்த்து. ஆனா இருக்கிறதை ஒழுங்கா பயன்படுத்தாம அடுத்ததுக்குத் தாவுறது அப்கிரேட் இல்ல, அவசரம். ஃபோன், லேப்டாப், பைக் எல்லாத்துக்கும் இதே கதைதான்.

நீங்க அவசரப்பட்டு மாத்தின பொருள் எது? கமெண்ட்ல சொல்லுங்க, அடுத்த வீடியோல பேசுவோம்.