மேட்டூர் அணையும் வேடிக்கை பார்ப்போரும்

ஆடி பதினெட்டில் மேட்டூர் சென்று காவேரியில் ஸ்நானம் செய்து, அணைக்கட்டு முனியப்பனை வழிபட்டு, பூங்காவில் மீனும் சோறும் உண்டு திரும்புவதை நமது குடியானவர்களில் அநேகர் வழக்கமாகக் கொண்டிருக்கின்றனர். இதனை வீண் செலவென்று கண்டிப்பாருடன் நாம் சேரோம். ஆண்டு முழுதும் உழைப்பவனுக்கு ஒரு நாள் உல்லாசம் வேண்டியதே. ஆயினும் அந்நீர்த்தேக்கம் வேடிக்கைக்கென்று ஏற்பட்டதன்று.

1925-ல் துவங்கிய இவ்வணையை 1934 ஆகஸ்டு 21-ந் தேதி கவர்னர் ஸர் ஜார்ஜ் ஸ்டான்லி திறந்துவைக்க, தேக்கம் அவர் பெயரைப் பெற்றது. தஞ்சைக் கழனிகளுக்குப் பருவத்தில் ஜலம் அளித்தலே முக்கிய நோக்கம். இதன் பொருட்டுப் பல கிராமங்கள் நீரில் ஆழ்ந்தன. நீர் வெகுவாக இறங்குங்கால் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும் மாதாகோயில் கோபுரமும் வெளிப்படுகின்றன; ஜனங்கள் திரண்டு பார்க்கின்றனர். ஜூன் மாதத்திலும் நந்தி தெரியுமாயின் கீழே குறுவைக்கு ஆபத்தென்பதை அவர்களில் எத்தனை பேர் எண்ணுவர்? 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் ஜூன் 12-ல் மதகு திறக்கப்படவில்லை. 2020-ல்தான் அத்தேதி மீண்டது.

அங்கே செல்லும் மிராசுதாரர் நீர்மட்டத்தை விசாரித்தறிதல் நலம். 120 அடியில் தேக்கம் ஏறக்குறைய 9,347 கோடி கன அடி. 100 அடியில் சுமார் 6,500 கோடியே. உயரத்தில் ஆறில் ஒரு பங்கு குறைய, நீரில் பத்தில் மூன்று பங்கு போய்விடுகிறது! அணையின் வடிவு தட்டுப்போல் மேலே விரிந்திருத்தலே காரணம். "நூறடி இருக்கிறதே" என்று மகிழ்ந்து நீண்ட வயது நெல்லை விதைப்பவர் இதைக் கவனிப்பாராக.

கரையோரக் கிராம உத்தியோகஸ்தர்களுக்கும் ஒரு வார்த்தை. நீராடுவோர் பழந்துணிகளை ஆற்றில் விடுகின்றனர். சிலர் கண்ணாடிப் புட்டிகளை உடைத்தெறிகின்றனர். நீர் வற்றியதும் அதே நிலத்தில் சோளமும் எள்ளும் பயிரிடுகிறார்கள். உழவன் பாதத்தையும் மாட்டின் குளம்பையும் அவை கிழிக்கும். ஸ்நானத் துறைதோறும் குப்பைக்கு ஒரு குழி வெட்டுவித்து, விழா நாட்களில் காவற்காரன் ஒருவனை நிறுத்துதல் பெருஞ்செலவாகாது. பதினாறு கண் மதகு திறக்கப்படும் செய்தி வந்தவுடன் தாமதியாது தண்டோராப் போடுவித்தல் வேண்டும். வெள்ளத்தைப் பார்க்க ஓடுவோர் தண்ணீருக்குள் இறங்காதபடி அப்போதே தடுத்தாகவேண்டும்.