மூன்று கட்டுக் கண்ணாடிக் கூடம்

மகளோ மகனோ இங்கிலாந்தில் குடித்தனம் நடத்தும் தாய்மார்களுக்கு, என்றாவது ஒரு நாள் தொலைபேசியில் இந்தச் சேதி வந்து சேரும்: "அம்மா, வீட்டுக்குப் பின்னால் கன்சர்வேட்டரி கட்டப் போகிறோம். நீ வந்தால் வெயிலில் உட்காரலாம். மல்லிகைகூட வைக்கலாம்!"

கேட்டதும் மனம் குளிரத்தான் செய்யும். கூடவே ஒரு சந்தேகமும் எழும். வெயிலில் உட்காருவதற்கென்று ஓர் அறையா? வெயிலை வெளியே நிறுத்தத்தானே நாம் பந்தல் போடுகிறோம், தட்டி கட்டுகிறோம்?

வேறொன்றுமில்லை, வீட்டின் பின்சுவரோடு ஒட்டிக் கட்டும் கண்ணாடிக் கூடத்துக்குத்தான் கன்சர்வேட்டரி என்று பெயர். சுவரும் கண்ணாடி, கூரையும் கண்ணாடி. பெங்களூர் லால்பாக்கில் மலர்க் கண்காட்சி நடக்கும் கண்ணாடி மாளிகையைப் பார்த்திருப்பீர்கள். 1889-ல் அஸ்திவாரக் கல் நாட்டிய அந்த மாளிகையும் இந்தக் குலத்தைச் சேர்ந்ததுதான். ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைப் பனியிலிருந்து காப்பாற்ற ஐரோப்பியப் பிரபுக்கள் கட்டிக்கொண்ட ஆடம்பரம் இது. பிரிட்டனில் கண்ணாடிக்கு இருந்த வரி 1845-ல் நீங்கியது. 1851-ல் ஜோசப் பாக்ஸ்டன் லண்டனில் ஒரு பொருட்காட்சிக்காகக் கண்ணாடியாலேயே ஓர் அரண்மனையை எழுப்பிக் காட்டினார். நாளடைவில் நடுத்தரக் குடும்பங்களுக்கும் அந்த ஆசை பற்றிக்கொண்டது.

ஆசையில் தவறில்லை. ஆனால் சேமித்த பணத்தையெல்லாம் கொட்டிக் கட்டிவிட்டு, "ஜனவரியில் ஐஸ் பெட்டி, ஜூலையில் அடுப்பு" என்று அலுத்துக்கொண்டு, கதவைச் சாத்திப் பழைய நாற்காலிகளை அடுக்கி வைக்கும் வீடுகளும் அங்கே உண்டு. ஏன் தெரியுமா? எத்தனை அடி, என்ன கண்ணாடி என்பதை முதலில் பேசிவிட்டு, அங்கே யார், எப்போது இருக்கப் போகிறார்கள் என்பதைக் கடைசியில் யோசிப்பதால்தான்.

கண்ணாடியின் குணத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வெயிலைத் தாராளமாக உள்ளே விடும். பகலில் சேரும் சூட்டை லேசில் வெளியே போக விடாது. சூரியன் மறைந்தாலோ கதை மாறிவிடும். இரட்டைக் கண்ணாடி போட்டாலும், நல்ல செங்கல் சுவரைப் போல அது கதகதப்பைக் காத்து வைக்காது. லண்டனில் டிசம்பர் கடைசியில் நடுப்பகலிலும் சூரியன் அடிவானத்துக்கு மேல் 15 டிகிரிதான் ஏறுகிறது. பகல் 8 மணி நேரம்கூட இல்லை. ஜூன் மாதத்திலோ 62 டிகிரி உயரம்; பகல் 16½ மணி நேரத்துக்கும் அதிகம். ஒரே கூடம் இரண்டு தேசங்களாக மாறிவிடுகிறது!

ஆகவே திசை முக்கியம். வடக்கே பார்த்த கூடத்தில் குளிர் காலம் முழுவதும் நேர் வெயிலே விழாது. தெற்கே பார்த்தது குளிர் காலத்துக்குச் சுகம். கோடையில் பொறுக்க முடியாது. கிழக்கு காலைக் காப்பிக்கு ஏற்றது. மேற்கு மாலைப் பொழுதுக்கு. நம் ஊர் வழக்கத்தை வைத்துக்கொண்டு "தெற்கு வேண்டாம், வெயில் கொளுத்தும்" என்று சொல்லிவிடாதீர்கள்!

அடுத்தது, உள்ளே எப்படிப் பிரிப்பது? இதற்கு வேறெங்கும் போக வேண்டாம். நம் பாட்டிமார்களின் வீட்டை நினைத்துப் பாருங்கள். முதல் கட்டு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று எத்தனை தெளிவாகப் பிரித்திருந்தார்கள்! வந்தவர் உட்காரும் இடத்தில் நெல் காயாது. தண்ணீர் புழங்கும் இடத்தில் பாய் விரிக்க மாட்டார்கள். கண்ணாடிக் கூடத்துக்கும் அதே விதிதான்.

லண்டன் கியூ தோட்டத்தில் 1987-ல் திறந்த 'வேல்ஸ் இளவரசி' கண்ணாடி மாளிகையில், ஒரே கூரையின் கீழ் பத்து விதமான சீதோஷ்ணங்களை வைத்திருக்கிறார்கள். பாலைவனக் கள்ளிக்கு ஒன்று, ராட்சத அல்லிக்கு ஒன்று என்று கம்ப்யூட்டர் கவனித்துக்கொள்கிறது. உங்கள் பெண்ணுக்குப் பத்து எதற்கு? மூன்று போதும்.

ஏன் மூன்று? மல்லிகைக்கும் கறிவேப்பிலைக்கும் வெற்றிலைக் கொடிக்கும் உஷ்ணமும் ஈரமும் வேண்டும். எலுமிச்சைக்குக் குளிர் காலத்தில் சுமார் 10 டிகிரி போதும்; அளவுக்கு மீறிச் சூடேற்றினால் இலையை உதிர்க்கக்கூடும். மனிதர்களுக்கும் மெத்தை நாற்காலிகளுக்கும் உலர்ந்த காற்றுதான் ஒத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் ஒரே அறையில் அடைத்தால், செடிகளின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் பட்டு முத்து முத்தாகச் சொட்டும். மெத்தையில் பூஞ்சணம் பூக்கும். யாருக்கும் நிம்மதியில்லை.

6 மீட்டர் நீளம், 3 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். சமையலறைக் கதவை ஒட்டிய 3 மீட்டர், மனிதர்களுக்கு. அடுத்த ஒன்றரை மீட்டர், மல்லிகைக்கும் கறிவேப்பிலைக்கும். கோடியில் உள்ள ஒன்றரை மீட்டர், எலுமிச்சைத் தொட்டிக்கும் தோட்டத்துச் செருப்புக்கும். ஒவ்வொன்றுக்கும் நடுவே கண்ணாடிக் கதவு.

உஷ்ணம் வேண்டிய கட்டை நடுவில் வைத்திருக்கிறேன், பார்த்தீர்களா? இரண்டு பக்கமும் வேறு கட்டுகள் அணைத்துக்கொள்வதால் அதன் சூடு சீக்கிரம் வெளியேறாது. இரவில் 15 டிகிரிக்குக் குறையாமல் வைத்திருந்தால் போதும். குளியலறை அளவே உள்ள இடம். முழுக் கூடத்தையும் சூடேற்றுவதோடு ஒப்பிட்டால் செலவு எவ்வளவோ குறைவு. அந்தக் கட்டுக்கு ஓடு பாவிய தரையும், ஒரு குழாயும், தண்ணீர் வடிய வழியும் அவசியம். கோடை வந்தால் எலுமிச்சை வெளியே போய்விடும்; கோடிக் கட்டு காற்றுப் போகும் வழியாகும்.

காற்று என்றதும் இன்னொன்று. சூடான காற்று மேலே ஏறும். எனவே கூரை உச்சியிலும் திறப்பு வேண்டும், கீழேயும் வேண்டும். செடிகள் உள்ள இடத்தில் திறப்புகளின் பரப்பு தரைப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்காவது இருந்தால் நல்லது. திரையைக் கண்ணாடிக்கு உள்ளே கட்டுவதைவிட வெளியே கட்டுவதே சிறந்தது. வெயில் உள்ளே வந்த பிறகு மறைத்து என்ன பயன்? பேரக் குழந்தைகள் ஓடியாடும் வீடாயிற்றே. கதவுகளிலும் தரையோரத்திலும், உடைந்தாலும் கிழிக்காத பாதுகாப்புக் கண்ணாடியே போடச் சொல்லுங்கள்.

சட்டமும் உண்டு. இங்கிலாந்தில், அடுத்த வீட்டோடு ஒட்டிய வீடானால் பின்புறம் 3 மீட்டர் வரையிலும், தனி வீடானால் 4 மீட்டர் வரையிலும், மற்ற நிபந்தனைகளுக்கு உட்பட்டு, தனி அனுமதியின்றிக் கட்டலாம். தரை மட்டத்தில் 30 சதுர மீட்டருக்குள் அமைந்து, வீட்டுக்கும் கூடத்துக்கும் நடுவே வாசல் கதவுக்கு நிகரான கதவும், கூடத்தைச் சூடேற்றத் தனி விசையும் இருந்தால், கட்டட விதிகளில் பெரும்பாலானவை குறுக்கிடா. கண்ணாடிக்கும் மின்சார வேலைக்கும் மட்டும் விதிகள் உண்டு. "நடுக் கதவை எடுத்துவிட்டால் ஒரே ஹாலாகிவிடுமே!" என்று மாப்பிள்ளை ஆசைப்படலாம். அந்தக் கதவு போனால் சலுகையும் போகும். வீட்டுக் கதகதப்பும் அந்த வழியே போகும். எதற்கும் ஊர்க் கவுன்சிலில் விசாரித்துக்கொள்வது நல்லது.

இப்போது மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். "ஆறு மாதம் அம்மா வந்து இருப்பாள், இதையே அவளுக்குப் படுக்கையறை ஆக்கிவிடலாம்" என்று அன்பினாலேயே சில பிள்ளைகள் திட்டமிடுகிறார்கள். தாய்க்கும் மறுக்க மனம் வராது. "எனக்கென்னப்பா, ஒரு மூலை போதும்" என்பாள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள்! புழங்கும் அறைகள் 18 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்று அந்நாட்டுச் சுகாதாரத் துறை சொல்கிறது, முக்கியமாக 65 வயதைத் தாண்டியவர்களுக்கு. பிப்ரவரி இரவில் கண்ணாடிக் கூரையின் கீழ் அந்த உஷ்ணத்தை நிறுத்துவதற்குள் மின்சாரக் கட்டணம் பிள்ளையைப் படுக்க வைத்துவிடும்! கட்டணத்துக்குப் பயந்து நீங்களே விசையை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் நடுங்குவீர்கள். மகன் வீட்டில் தாய் வாய்விட்டுச் சொல்லாத கஷ்டங்களில் இதுவும் ஒன்றாக வேண்டாம். பகலில் கண்ணாடிக் கூடம், இரவில் செங்கல் சுவர் வைத்த அறை என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். மருமகளும் சந்தோஷப்படுவாள், நீங்கள் வருத்தப்படுவீர்களோ என்றுதான் அவள் பேசாமல் இருந்திருப்பாள்.

வரைபடம் போடுமுன் அவர்களை ஒரு காரியம் செய்யச் சொல்லுங்கள். ஒரு காகிதத்தில் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று நான்கு பத்திகள். காலை, நடுப்பகல், மாலை, இரவு என்று நான்கு வரிகள். பதினாறு கட்டங்களிலும் அங்கே யார் இருப்பார்கள், என்ன செய்வார்கள், செடிக்குத் தண்ணீர் விடுவது யார் என்று எழுத வேண்டும். ஐந்தாறு கட்டம்தான் நிரம்புகிறதா? கூடத்தைச் சிறியதாக்கி, மிஞ்சும் பணத்தை நல்ல கண்ணாடிக்கும் கூரைத் திறப்புக்கும் போடட்டும். ஜனவரி இரவுக் கட்டத்தில் "அம்மா" என்று எழுதியிருக்கிறதா? அதை மட்டும் நீங்களே அடித்துவிடுங்கள்.